கொடிக்கு ஒரு கட்டம்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் ஆலைகளில் ஏற்றுமதிப் பிரிவிலும் லாஜிஸ்டிக்ஸ் பிரிவிலும் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு,



உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது, குரல் தெரியும். சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலும் கப்பல் ஏஜென்டுகளிடம் போர்டிங் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். "வெசல் எப்ப சார் பெர்த் ஆகுது?" என்று ராத்திரி பதினொரு மணிக்கு நீங்கள் கேட்டபோதெல்லாம் பதில் சொன்னவன். கட்-ஆஃப் எப்போது, எத்தனை யூனிட்டுக்கு இடம் இருக்கிறது, பி.எல். எப்போது கைக்கு வரும், டர்பனுக்கு நேராகப் போகிறதா, சுற்றிக்கொண்டு போகிறதா என்று எல்லாம் கேட்பீர்கள். ஒன்றை மட்டும் யாரும் கேட்டதில்லை. அந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறது?

அதை நீங்கள் கேட்டாக வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் மேலாளருக்கோ வெளிநாட்டுத் தலைமையகத்துக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம், படிவத்தை நிரப்புவது நீங்கள் என்பதுதான்.

உங்கள் ஆலைக்குக் கதவோர ரப்பர் கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். வருஷா வருஷம் அங்கே வெண்டர் ஆடிட் நடக்கிறது. வருகிறவர் பி.எஃப். சலானைப் பார்க்கிறார், இ.எஸ்.ஐ. பதிவைப் பார்க்கிறார், ஒப்பந்தத் தொழிலாளியின் வயதுச் சான்றைக் கேட்கிறார். தீயணைப்பு சிலிண்டரின் காலாவதித் தேதியைக் குனிந்து படிக்கிறார். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கிறார். ஐரோப்பாவில் காரை வாங்குகிறவன் கேட்கிறானாம், அதனால் நீங்களும் கேட்கிறீர்கள். நல்லது. டிரெய்லர் டிரைவருக்கு ஷூ இல்லையென்றால் உங்கள் கேட்டில் உள்ளே விடுவதில்லை. அதுவும் நல்லது. இத்தனை கேள்வியும் துறைமுக வாசலோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் அந்தக் காரை மூன்று, நான்கு வாரம் சுமந்து செல்கிறவனைப் பற்றி உங்கள் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. கப்பலும் உங்களுக்கு வெண்டர்தானே?

கொடி என்பது அலங்காரம் என்று நினைத்திருப்பீர்கள். கப்பல் உள்ளே வரும்போது அதில் பல கொடிகள் தெரியும். பைலட் ஏறியிருந்தால் பாதி வெள்ளையும் பாதி சிவப்புமாக ஒன்று. சுகாதார அனுமதி கேட்டு மஞ்சளில் ஒன்று. வந்திருக்கும் நாட்டுக்கு மரியாதையாக முன்பக்கம் நம் தேசியக் கொடி. இவையெல்லாம் வரும், போகும். பின்புறத்தில் பறக்கிறதே, அதுதான் கப்பலின் சொந்தக் கொடி. நடுக்கடலில் கப்பலுக்குள் எந்த நாட்டுச் சட்டம் செல்லும், சம்பளத் தகராறை எந்த நாட்டு அதிகாரி விசாரிப்பார், ஒருவன் செத்துப்போனால் எந்த நாடு அறிக்கை எழுதும் என்பதையெல்லாம் அந்தத் துணிதான் முடிவு செய்கிறது. ஒரு கப்பல் ஒரே ஒரு நாட்டுக் கொடியில்தான் ஓடலாம், கப்பலுக்கும் அந்த நாட்டுக்கும் உண்மையான தொடர்பு இருக்க வேண்டும் என்பது 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தம். இந்தியா 1995-இல் அதை ஏற்றது.

நம் நாட்டு ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். இந்திய வணிகக் கப்பலின் பின்புறத்தில் வெறும் மூவர்ணக் கொடி பறக்காது. சிவப்புத் துணி, அதன் மேல் மூலையில் சிறிதாக மூவர்ணம். அரசுக் கப்பலானால் நீலத் துணி. கடற்படைக்கு வெள்ளை. தனக்கு உரிமையில்லாத கொடியைக் கப்பல் ஏற்றினால், கடற்படை அதிகாரியோ சுங்க அதிகாரியோ வெளிநாட்டில் நம் தூதரக அதிகாரியோ கப்பலேறி அந்தக் கொடியைப் பறிமுதல் செய்யலாம் என்றது 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம். கப்பல் எந்த நாட்டைச் சேர்ந்தது என்று கேப்டன் எழுதிக் கொடுக்காமல் சுங்கத்தில் புறப்பாட்டு அனுமதி கிடைக்காது. அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கஸ்டம் ஹவுஸ் படியேறுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதியதை நிறைவேற்றியது. இந்தியர் கையில் முழு உரிமை இல்லாத கப்பலையும், வாடகைக்கு எடுத்துப் பிறகு சொந்தமாக்கிக்கொள்ளும் கப்பலையும்கூட இந்தியக் கொடியின் கீழ் கொண்டுவர அது வழி திறக்கிறது.

சிவப்பு, நீலம், வெள்ளை என்ற பிரிவே வெள்ளைக்காரன் விட்டுப்போன ஏற்பாடுதான். கடற்படைக் கொடியின் மூலையிலிருந்த யூனியன் ஜாக்கை 1950 ஜனவரி 26-இல் எடுத்தோம். செயின்ட் ஜார்ஜ் சிலுவை இடையில் 2001-இல் போய் 2004-இல் திரும்பி வந்து, கடைசியில் 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் விக்ராந்த் கப்பல் படையில் சேர்ந்த விழாவில்தான் ஒரேயடியாகப் போனது. அன்றைக்கு எத்தனை தலையங்கம், எத்தனை விவாதம்! வணிகக் கப்பலின் சிவப்புக் கொடியைப் பற்றி அப்போதும் யாரும் வாய் திறக்கவில்லை. அதன் வடிவத்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. நான் ஏறி இறங்கிய கார் கப்பல்களின் பின்புறத்தில் அதைப் பார்த்த நினைவே இல்லை என்பதுதான் வருத்தம்.

உங்கள் கார்களை ஏற்றும் கப்பலின் பின்புறத்தை அடுத்த முறை நின்று பாருங்கள். ஜன்னலில்லாத அடுக்குமாடிக் கட்டிடம் மாதிரி நிற்கும். பக்கவாட்டில் சாய்பாலம் இறங்கியிருக்கும். ஸ்டீவடோர் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகக் காரை ஓட்டிக்கொண்டு உள்ளே போவார்கள், கையகல இடைவெளியில் நிறுத்துவார்கள், சக்கரத்தைப் பட்டை போட்டுக் கட்டுவார்கள், ஒரு வேனில் நெருக்கியடித்து வெளியே வந்து அடுத்த காரை எடுப்பார்கள். காரின் கண்ணாடியில் இந்தியாவில் தயாரித்தது என்ற ஸ்டிக்கர் இருக்கும். கப்பலின் பின்புறத்தில் பெயருக்குக் கீழே ஊர்ப்பெயர் எழுதியிருக்கும். பனாமா, நசாவ், மன்ரோவியா, மஜுரோ. அந்த ஊர்த் துறைமுகத்தைக் கண்ணால் பார்க்காமலே ஓடி முடித்து, கடைசியில் உடைக்கப் போகும் கப்பல்கள் உண்டு.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று தெரிந்தால் சிரிப்பீர்கள். 1922-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு. ரிலையன்ஸ், ரெசல்யூட் என்ற இரண்டு பயணிகள் கப்பல்களில் சரக்கு விற்க வழியில்லை. உரிமையாளர் அமெரிக்கக் கொடியை இறக்கிப் பனாமாக் கொடியை ஏற்றினார், வியாபாரம் நடந்தது. குடிக்காக மாற்றிய கொடி பிறகு வரிக்காகவும் சம்பளத்துக்காகவும் மாறத் தொடங்கியது. லைபீரியா 1948-இல் கடை திறந்தது. அந்தப் பதிவேடு நடப்பது ஆப்பிரிக்காவில் இல்லை, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில். மார்ஷல் தீவுகளின் பதிவேடும் அதே மாநிலத்தில். கடலே இல்லாத மங்கோலியாவும் 2003-இல் சிங்கப்பூரில் ஓர் அலுவலகம் வைத்துக் கப்பல்களைப் பதியத் தொடங்கியது. உண்மையான தொடர்பு என்ற சொல்லுக்கு இவ்வளவுதான் மரியாதை.

"யாருடைய கொடியானால் என்ன, கார் போய்ச் சேர்ந்தால் சரி" என்று நீங்கள் சொல்லலாம். போய்ச் சேராத இரண்டு கார் கப்பல்களைச் சொல்கிறேன்.

2023 ஜூலை. ஃப்ரீமேன்டில் ஹைவே. ஜெர்மனியின் பிரேமர்ஹாவனிலிருந்து 3,700-க்கும் மேற்பட்ட வண்டிகளோடு கிளம்பி, நெதர்லாந்துக் கரையோரம் நள்ளிரவில் தீப்பிடித்தது. தணலுக்கும் புகைக்கும் தப்பிக் கடலில் குதித்தவர்கள் உண்டு. ஒருவர் இறந்தார். உரிமையாளர் ஜப்பானியக் கம்பெனி. கொடி பனாமா. இறந்தவர் இந்தியர்.

அதே ஆண்டு நவம்பர் 19. கேலக்ஸி லீடர் துருக்கியிலிருந்து குஜராத்தின் பிப்பாவாவ் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தது. செங்கடலில் ஹூத்திகள் ஹெலிகாப்டரில் இறங்கிக் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். கொடி பஹாமாஸ். உரிமையில் இஸ்ரேலிய வியாபாரி ஒருவரின் தொடர்பு, இயக்கியது ஜப்பானியக் கம்பெனி. உள்ளே இருந்த 25 பேரும் பிலிப்பைன்ஸ், பல்கேரியா, ருமேனியா, உக்ரைன், மெக்சிகோக்காரர்கள். அவர்கள் வெளியே வந்தது 2025 ஜனவரி 22-இல்தான். பதினாலு மாதத்துக்கு மேல். அதுவரை அவர்களுக்காக எந்தத் தலைநகரில் போய்க் கதவைத் தட்டுவது? பஹாமாஸிடம் அனுப்புவதற்குப் போர்க்கப்பல் இருந்ததா?

2024 ஜனவரியில் சோமாலியா பக்கம் லீலா நார்ஃபோக் என்ற சரக்குக் கப்பலில் கொள்ளையர் ஏறினார்கள். கொடி லைபீரியா. உள்ளே 21 பேர், அதில் 15 பேர் இந்தியர். ஓடிப்போய் மீட்டது நம் கடற்படையின் ஐ.என்.எஸ். சென்னை. நம் பிள்ளைகள் என்பதால் போனோம், போகத்தான் வேண்டும். பதிவுக் கட்டணம் மட்டும் லைபீரியாவுக்கு.

சேதம் என்று வரும்போதும் இதே கதை. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 லைபீரியக் கொடிக் கப்பல். 640 கன்டெய்னர். அதிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் குருணை கேரளக் கரையோடு நிற்காமல் நம் குமரி மாவட்டம் வரை ஒதுங்கியது. மணலிலிருந்து அதைச் சலித்தெடுத்தது லைபீரியாக்காரன் இல்லை.

நேரில் பார்த்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கப்பலின் பெயர் வேண்டாம். உங்களில் ஓர் ஆலையின் பிரஸ் ஷாப்புக்கு ஸ்டீல் காயில் கொண்டுவந்த பழைய கப்பல் அது. பின்புறத்தில் புதுப் பெயர் வெள்ளைப் பெயின்டில் இருந்தது. அதற்கடியில் பழைய பெயரின் வெல்டிங் எழுத்துகள் மேடாகத் தெரிந்தன. அதற்கும் அடியில் இன்னொன்று. ஊர்ப்பெயரும் அப்படியே, ஒன்றின் மேல் ஒன்றாக. கொடி புகைக்கரியில் கறுத்து, ஓரம் நார்நாராகக் கிழிந்திருந்தது. தூத்துக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் மெஸ்ஸில் வேலை பார்த்தான். தமிழ் பேசுகிறேன் என்றதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குளிர் அறையைத் திறந்து காட்டினான். உள்ளே அரிசி மூட்டையும் வாடிப்போன முட்டைக்கோசும்தான். "நாலு மாசமா சம்பளம் வரலண்ணே. கேட்டா அடுத்த போர்ட்ல தர்றோம்ங்கிறாங்க. வீட்ல வட்டி கட்டணும்." உரிமையாளரின் முகவரியைக் காகிதத்தில் தேடினேன். மார்ஷல் தீவுகளின் மஜுரோவில் ஒரு தபால் பெட்டி எண். சென்னையில் அந்த நாட்டுக்குத் தூதரகம் கிடையாது. காயில் குறித்த நேரத்தில் இறங்கியது. உங்கள் லைன் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. கப்பல் போய்விட்டது.

சட்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கடல்சார் வழக்குகளுக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பள பாக்கிக்காக மாலுமி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்க் கப்பலையே பிடித்து நிறுத்தலாம். கப்பல் கரையில் நிற்கும் இரண்டு நாளுக்குள் வக்கீலைப் பிடித்து, மனுப்போட்டு, பிறகு ஏஜென்டுகளின் கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறி அடுத்த வேலையும் போகட்டும் என்று துணிய வேண்டும். அந்தப் பையன் துணியவில்லை. நான் அவனாக இருந்தாலும் துணிந்திருக்க மாட்டேன்.

2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ததை உங்களில் பலர் பஸ் ஜன்னலில் பார்த்திருப்பீர்கள். அதில் எந்தப் பக்கம் நியாயம் என்று இங்கே நான் பேச வரவில்லை. பந்தல் போட இடம் இருந்தது. தொழிலாளர் துறைக்கு ஓர் அலுவலகம் இருந்தது. உயர் நீதிமன்றம் இருந்தது, அமைச்சர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். நீங்கள் ஏற்றிவிடும் சரக்கைக் கொண்டுபோகிறவன் பந்தலை எங்கே போடுவான்? சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் கணக்குப்படி 2024-இல் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட மாலுமிகள் 300-க்கும் மேற்பட்ட கப்பல்களில் சம்பளமின்றிக் கைவிடப்பட்டார்கள். நாட்டுவாரியாகப் பார்த்தால் முதலிடம் இந்தியர்களுக்கு. அந்தக் கப்பல்களில் பெரும்பாலானவை இப்படி வாங்கிய கொடியில் ஓடியவைதான்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். கப்பலைத் தேர்வு செய்வது நாங்கள் இல்லை, ஒப்பந்தம் மேலே போடுகிறார்கள், எங்களுக்கு ஷெட்யூல்தான் வருகிறது. சரி. பட்டறைக்காரரின் கழிப்பறைத் தாழ்ப்பாளையும் நீங்கள் தேர்வு செய்யவில்லையே, கேட்கிறீர்கள் அல்லவா? கேட்க ஆரம்பித்த பிறகுதானே அவர் தாழ்ப்பாள் போட்டார்? கேள்வி கேட்டால் கட்டணம் ஏறும் என்பீர்கள். ஒரு கட்டத்தை நிரப்ப யாரும் ஃபிரெய்ட் ஏற்றமாட்டார்கள். ஏறினால் அந்தக் கட்டணம் இதுவரை யாருடைய சாப்பாட்டிலிருந்து குறைந்திருந்தது என்று தெரிந்துகொள்வோம்.

சரக்கு வைத்திருப்பவனின் சொல்லுக்குக் கடலில் எவ்வளவு எடை என்பது தமிழனுக்குப் புதிதில்லை. 1906-இல் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய். அன்றைய சட்டப்படி இந்தியர் வாங்கிய கப்பலும் பிரிட்டிஷ் கப்பல்தான். அதனால் கம்பெனியின் கொடியில் வந்தே மாதரம் என்று எழுதிக்கொண்டார்கள். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் ஓடியது மேடைப் பேச்சால் மட்டும் இல்லை. தூத்துக்குடி வியாபாரிகள் தங்கள் மூட்டையை வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்றாமல் இதில் ஏற்றினார்கள். அதனால்தான் எதிர்க் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்குக் குறைத்தது, குடையை இனாமாகக் கொடுத்தது என்றெல்லாம் சொல்கிறார்கள். 1908-இல் அவரைச் சிறையில் அடைத்தார்கள், 1911-இல் கம்பெனி கலைந்தது. அவரைக் கப்பலோட்டிய தமிழன் என்கிறோம். அந்தக் கப்பலில் சரக்கு ஏற்றிய தமிழர்களை யாரும் நினைப்பதில்லை. நீங்கள் அவர்களுடைய வாரிசு.

இன்றைய நிலையைச் சொல்ல அரசின் கணக்கே போதும். இந்தியாவின் ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்கில் இந்தியக் கப்பல்கள் சுமந்த பங்கு 1987-88-இல் 40.7 சதவீதம். 2018-19-இல் 7.8 சதவீதம். அந்த ஒரே ஆண்டில் வெளிநாட்டுக் கப்பல் கம்பெனிகளுக்கு நாம் கொடுத்த ஃபிரெய்ட் சுமார் 5,300 கோடி டாலர். 2021-இல் அரசுத் துறைச் சரக்குகளை இந்தியக் கொடிக் கப்பல்களுக்குத் திருப்ப 1,624 கோடி ரூபாய் மானியம் அறிவித்தார்கள். அது கச்சா எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் உதவலாம். உங்கள் காருக்கு உதவாது. கார் கப்பல் விஷயத்தில் நிலைமை எப்படி என்பதற்கு ஒன்று சொன்னால் போதும். சென்னையில் ஏற்றி இந்தியாவின் இன்னொரு துறைமுகத்தில் இறக்குவது இந்தியக் கொடிக் கப்பலுக்கே முதல் உரிமையான வேலை. 2015-இல் அந்த விதியையே கார் கப்பல்களுக்கு ஐந்து வருஷம் தளர்த்த வேண்டி வந்தது. போதிய அளவுக்கு நம் கொடியில் அப்படிக் கப்பல் இல்லை. சென்னையில் ஏற்றிய கார் குஜராத்தில் இறங்குவதற்கே இந்தப் பாடு.

எல்லாவற்றையும் இந்தியக் கொடியில்தான் ஏற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இந்தியக் கொடி என்றால் எல்லாம் சுத்தம் என்று சொன்னால் பெசன்ட் நகர்க்காரர்கள் சிரிப்பார்கள். 2012 அக்டோபர் 31, நீலம் புயல். எலியட்ஸ் கடற்கரையில் தரைதட்டிய பிரதிபா காவேரி இந்தியக் கப்பல்தான். கரைக்கு எதிரே மாலுமிகளின் உயிர்காப்புப் படகு கவிழ்ந்து உயிர்கள் போயின. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் வாசலில் மோதிக்கொண்ட இரண்டில் ஒன்று உங்கள் மாவட்டத்தின் பெயரையே தாங்கிய டான் காஞ்சிபுரம், இந்தியக் கொடி. மற்றது பி.டபிள்யூ. மேப்பிள், ஐல் ஆஃப் மேன் கொடி. கசிந்த எண்ணெயை வாளியில் அள்ளியதை நாடே பார்த்தது. ஆனால் காவேரியின் உரிமையாளரையும் காஞ்சிபுரத்தின் உரிமையாளரையும் இந்த நாட்டுக்குள்ளேயே தேட முடிந்தது. திட்டுவதற்காவது ஓர் ஆள் இருந்தார். தபால் பெட்டி எண்ணைத் திட்ட முடியாது.

ஆகவே நான் கேட்பது சிறியது. ஃபார்வர்டரிடமிருந்து உங்களுக்கு வரும் வெசல் ஷெட்யூலில் கொடிக்கு ஒரு கட்டம் போடுங்கள். பக்கத்திலேயே ஐ.எம்.ஓ. எண்ணுக்கு ஒன்று. ஏழு இலக்கம். கப்பல் எத்தனை பெயர் மாற்றினாலும் எத்தனை கொடி மாற்றினாலும் அந்த எண் மாறாது, இரும்பில் பதித்திருக்கும். ஈக்வாசிஸ் என்ற தளத்தில் காசில்லாமல் கணக்குத் திறந்து அந்த எண்ணைப் போட்டால் உரிமையாளர் யார், எந்தத் துறைமுகத்தில் எப்போது சோதித்தார்கள், எங்கே பிடித்து நிறுத்தினார்கள் என்பதெல்லாம் வரும். டீ குடிக்கிற நேரம்தான் ஆகும்.

அடுத்து ஒரே ஒரு சான்றிதழின் நகலைக் கேளுங்கள். மாலுமிகளைக் கைவிட்டால் நான்கு மாதச் சம்பளத்துக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் காப்பீடு இருக்கிறது என்ற சான்று. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளின் கப்பல்களுக்கு 2017 ஜனவரி முதல் இது கட்டாயம். இந்தியா 2015-லேயே அந்த உடன்படிக்கையை ஏற்றுவிட்டது. மாலுமிகள் பார்க்கும் இடத்தில் அதை ஒட்டி வைத்திருக்க வேண்டும். ஒழுங்கான கப்பல் ஐந்து நிமிஷத்தில் ஸ்கேன் செய்து அனுப்பும். இரண்டு நாள் இழுத்தடித்தால் உங்களுக்கே விஷயம் புரியும்.

இது நாலைந்து ஆலைகளில் நடந்து, கட்டங்கள் நிரம்பத் தொடங்கிய பிறகு, இன்னொன்றையும் உங்கள் மேலாளர் கூட்டத்தில் எழுப்புங்கள். இந்த வட்டாரத்திலிருந்து வருஷம் முழுக்கப் போகும் வண்டிகளில் ஒரு பங்கை மொத்தமாக உறுதி கொடுத்தால், இந்தியக் கொடியில் ஒரு கார் கப்பலை இறக்க யாராவது முன்வருவார்களா என்று. வந்தால் அதில் பயிற்சிக்கு இடம் கிடைக்கும். நம் பகுதிப் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு, கப்பல் வேலை என்று ஏஜென்டிடம் லட்சக்கணக்கில் கட்டிவிட்டுக் காத்திருக்கும் பையன்களை உங்கள் தெருவிலேயே பார்க்கலாம். அந்த ஏஜென்டுக்குக் கப்பல் இயக்குநரகத்தின் உரிமம் இருக்கிறதா என்றாவது அவர்களுக்குப் பார்த்துச் சொல்லுங்கள். அது தனிக் கடிதத்துக்கான விஷயம்.

முதலில் கட்டம். எக்ஸல் ஷீட்டில் கப்பல் பெயருக்கும் வருகைத் தேதிக்கும் நடுவில் ஒரு வரிசை சேர்க்கத் தலைமையகத்தின் அனுமதி வேண்டியதில்லை. இந்த வெள்ளிக்கிழமை ஷெட்யூல் வரும்போதே சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள். "இது எதுக்கு சார் புதுசா?" என்று ஃபார்வர்டர் போன் செய்வார். வெண்டர் ஆடிட் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
பழைய போர்டிங் கிளார்க் ஒருவன்
சுங்குவார்சத்திரம்